காரிடாரில் நின்றவள்

இவர் எழுந்து வகுப்பின் முன்னால் போகிறார். இடது காலை ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி இடதை ஊன்றி. அடுப்படியில் நின்றபடியே இந்த நடையைக் கேட்டு எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவேன். காலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது குழந்தையிலேயே போலியோவில் போனது, அதற்குமேல் அது ஒன்றும் செய்யப்போவதில்லை. இன்றைக்கு என் பயமெல்லாம் தலையைப் பற்றி. அந்த வெளுத்த, இன்னும் முடி அடர்ந்த தலைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. இர்ஃபானா மைக்கைச் சரிசெய்து கொடுக்கிறாள். "டாக்டர் குலசேகரன் சாருக்கு அறிமுகம் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு நீளமாக அறிமுகம் செய்கிறாள். என்னிடம் ஆய்வு செய்தவள், நான் ஓய்வு பெற்ற பிறகு இந்தத் துறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். துறையின் பெயரைத் தமிழில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. உலக சுகாதார ஆளுகையும் ராஜதந்திரமும். என் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "நாடுகள் உட்கார்ந்து நோயைப் பத்திப் பேரம் பேசும்ப்பா, அது எப்படி நடக்குதுன்னு படிக்கிறேன்" என்று சொன்னபோது, "நோயைப் பத்திப் பேரமா, சந்தைக்கடையா அது?" என்றார். ஆமாம் அப்பா, சந்தைக்கடைதான். கோட்டுப் போட்டுக்கொண்டு, காதில் மொழிபெயர்ப்பு மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நடக்கிற சந்தைக்கடை. இவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மாணவர்கள் என்று பெயர், எல்லோரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். நகராட்சி சுகாதார அதிகாரிகள், செவிலியர் கண்காணிப்பாளர்கள், மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்கள். கொரோனாவில் தெருவில் நின்றவர்கள். மூன்றாம் வரிசையில், ஓரத்தில், மடியில் கைப்பையோடு நான். பைக்குள் தண்ணீர், ஒரு கடலைமிட்டாய், இவருடைய மாத்திரை. வாயைத் திறங்கள். ஆரம்பித்துவிடுங்கள். ஆரம்பித்துவிட்டால் போதும், பழைய பேச்சு தானே ஓடும்.

ஆரம்பித்துவிட்டார். குரல் நன்றாக இருக்கிறது. அந்தக் குரலைத்தான் முதலில் கேட்டேன், ஆளைப் பிறகுதான் பார்த்தேன். ஜெனீவாவில், அந்தப் பெரிய கூட்டக் கட்டடத்தின் காரிடாரில், காபி வாங்குகிற இடத்தில் யாரோ ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் தனக்குத்தானே "அட போடா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்து எட்டுமாதம் ஆகியிருந்தது, தமிழை என் வாயால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன், ராத்திரி ஜெபத்தில். திரும்பிப் பார்த்தால் கறுப்புக் கோட்டு, கழுத்தில் இந்தியக் குழுவின் அடையாள அட்டை, கையில் சிந்திய காபி. நான் ஆராய்ச்சி மாணவி, என் அட்டை வேறு நிறம். அந்த நிறத்து அட்டைக்கு உள்ளே அனுமதி கிடையாது, காரிடாரோடு சரி. மூடிய கதவுக்குப் பின்னால் நாடுகள் பேசும், நான் வெளியே நின்று வருகிறவர்களையும் போகிறவர்களையும் பிடித்து இரண்டு கேள்வி கேட்பேன். பாதிப்பேர் நிற்கமாட்டார்கள். இவர் நின்றார். "எந்த ஊரும்மா?" என்றார் எடுத்தவுடன், அட்டையைக்கூடப் பார்க்காமல். பாளையங்கோட்டை என்றதும் "அல்வாவா?" என்றார். அது திருநெல்வேலி என்றேன் கொஞ்சம் கோபமாக. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், ரெண்டும் ஒன்றுதானே என்றார் அறந்தாங்கிக்காரர். அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தோம். ஏரி சாம்பல் நிறத்தில் இருந்தது, வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும் அங்கே, காதை அறுக்கும். தெருமுனையில் ஒருவன் இரும்புச் சட்டியில் செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டுக் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்தான். இவர் ஒன்றை உரித்து வாயில் போட்டு மென்று, யோசித்து, "பனங்கிழங்கு" என்றார். நானும் ஒன்றைப் போட்டேன். பனங்கிழங்கேதான். அவிச்ச பனங்கிழங்கின் நுனி, அந்த மாவுத்தித்திப்பு. அந்த ஊரில் அத்தனை பேர் நடந்துபோகிற தெருவில் இது பனங்கிழங்கு என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்தேன். அப்போதே முடிவாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை, அப்போது விரல் விறைத்துப்போனதுதான் தெரிந்தது. இவரைக் கட்டிக்கொண்டதற்கு அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு இவரோடு செஸ் விளையாட ஆரம்பித்து, என்னை மறந்தேபோனார்.

மறந்து. இந்தச் சொல் எங்கே போனாலும் வந்து நிற்கிறது. ஐப்பசி மழையில் ஒருநாள் வாசலில் நின்று, "ஹெப்சி, அத எடு, அது" என்றார். எது என்றேன். "அதான், மழைக்குப் பிடிக்கிறது." குடையா என்றேன். "ம், குடை" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். மழைக்குப் பிடிக்கிறது. நான் சிரித்தேன் அன்றைக்கு. சிரித்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு, குடை, குடை என்று நானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசின மனிதர். "கொடுக்க வேண்டும்" என்று எழுதுவதா, "கொடுக்க முயலலாம்" என்று எழுதுவதா என்று. பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனது, கழுவிய சட்டையை மறுபடி ஊறவைத்தது, பக்கத்து வீட்டுக்காரரைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஸ்கேன். அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். ஆரம்பக் கட்டம், மெதுவாகத்தான் போகும், எப்போது சொல்லலாம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் மேடம். நான் முடிவு பண்ணவில்லை. ரத்த ஓட்டத்துக்கு என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் அதை அவர் உள்ளங்கையில் வைக்கிறபோது என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் தட்டை எடுக்கத் திரும்பிக்கொள்வேன். இர்ஃபானா கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், இவர் அதற்குள் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். காலையில் தானே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

நன்றாகத்தான் போகிறது. நான் வீணாகப் பயந்தேனோ. கிருமியின் மாதிரியை எடுத்து அனுப்புகிறவர்கள் ஏழை நாடுகள், அதிலிருந்து தடுப்பூசி செய்கிறவர்கள் பணக்கார நாடுகள், செய்த ஊசி திரும்பி வருவதில்லை, அதுதான் சண்டை என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். நான் ஒரு புத்தகம் முழுக்க எழுதினேன் இதை. முன்வரிசைப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்கிறாள். இப்போது அந்தக் கதைக்கு வருகிறார். கடைசி வாரம், இரண்டு தரப்பும் அசையவில்லை. எதிர்த்தரப்பின் தலைவி வடக்கே ஒரு குளிர்நாட்டுக்காரி, இங்க்ரித் என்று பெயர், மண்டபத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் மைக்கில்தான் பேச வேண்டும் என்பது மரபு. இவர் மைக்கை அணைத்துவிட்டு எழுந்தார். அந்த நீள மண்டபத்தை, இத்தனை நாடுகளும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் காலை இழுத்து இழுத்துக் கடந்து போய், அவள் நாற்காலிப் பக்கம் குனிந்து சொன்னார்: "எனக்குக் காய்ச்சல் வந்ததற்கும் எங்கள் ஊருக்குச் சொட்டு மருந்து வந்ததற்கும் நடுவில் இருபது வருஷம். மருந்து உலகத்தில் இருந்தது, எங்கள் ஊரில் இல்லை. அந்த இருபது வருஷத்தைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்." சொல்லும்போது வலது கையை விரித்து மெதுவாகக் கவிழ்ப்பார், அங்கேயும் கவிழ்த்தாராம். நான் பார்த்ததில்லை, கதவு மூடியிருந்தது. பேட்டி எடுத்தபோது, காலை ஒரு உத்தியாகப் பயன்படுத்தினீர்களா என்று ஆராய்ச்சிக்காரி மாதிரி கேட்டேன். "நடந்துதானே போகணும், பறந்தா போக முடியும்?" என்றார். அதை என் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகப் போட்டேன். மேற்பார்வையாளர் அடித்துவிட்டார்.

பின்பக்கத்திலிருந்து ஒருவர் கை தூக்குகிறார். முகில்வண்ணன் என்று பெயர் சொல்கிறார், ஓசூர்ப் பக்கம் சுகாதார அதிகாரி. "சார், ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்க அவ்வளவு போராடி 'கொடுக்க வேண்டும்'ங்கிற அந்தச் சொல்லை வாங்கினீங்க. கொரோனா நேரத்துல அது யாருக்காவது உதவிச்சா? எங்க லைன்ல ஜனங்க வெயில்ல நின்னாங்க சார், ஊசி இல்லன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். ரெண்டு பேர் அப்புறம் வரவே இல்ல." அவர் குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. இவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். எனக்குத் தெரியும், கடினமான கேள்வி வந்தால் இவர் முகம் மலரும், நேராகப் போய் அதற்குள் இறங்குவார். வாயைத் திறக்கிறார். "நல்ல கேள்வி. நான் ஒண்ணு சொல்றேன். கடைசி வாரம், ரெண்டு தரப்பும் அசையல. எதிர்த்தரப்புத் தலைவி, இங்க்ரித்னு பேரு, மண்டபத்தோட அந்தக் கோடியில உக்காந்திருக்கா." இல்லை. வேண்டாம். அங்கே போகாதீர்கள். உதாரணத்துக்குத் தொடுகிறாரோ, தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாரோ. திரும்பவில்லை. மைக்கை அணைத்தார், எழுந்தார், மண்டபத்தைக் கடந்தார். அதே சொற்கள், அதே இடைவெளி. முன்வரிசைப் பெண்ணின் தலையாட்டல் நின்றுவிட்டது. யாரோ யாரையோ பார்க்கிறார்கள். இர்ஃபானா என் பக்கம் திரும்புகிறாள், நான் அவளைப் பார்க்கவில்லை, கைப்பையின் பிடியைப் பார்க்கிறேன். அதைவிட மோசம் முகில்வண்ணனின் முகம். அது மெல்ல மூடிக்கொள்கிறது. மழுப்புகிறார் என்று நினைக்கிறார். பெரிய மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதை சொல்வார்கள் என்று நினைக்கிறார். இல்லை தம்பி. இவர் வாழ்க்கையில் ஒரு கேள்வியைக்கூட மழுப்பினதில்லை. அதனால்தான் பதவி உயர்வுகூடத் தள்ளித் தள்ளிப் போனது. எழுந்து சொல்லட்டுமா. என்ன சொல்வது. நோய் என்று சொன்னால் ஒரு கெட்டபெயர் போய் இன்னொன்று வரும். உட்கார்ந்திருக்கிறேன். வலது கை விரிகிறது, மெதுவாகக் கவிழ்கிறது. கவிழ்ந்த கை அப்படியே நிற்கிறது. இவர் வகுப்பைப் பார்க்கிறார், ஒவ்வொரு முகமாக. இத்தனை வருஷம் எதிராளியின் முகத்தைப் படித்தே வாழ்ந்தவர், இந்த முகங்களையா படிக்கமாட்டார்.

"இத சொல்லிட்டேனா?" என்கிறார். முன்வரிசைப் பெண், "இல்ல சார், சொல்லுங்க" என்கிறாள். அதே மூச்சில் பின்னால் ஒருவர், "சொன்னீங்க சார், பரவால்ல" என்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று மோதி நிற்கின்றன. இவர் சிரிக்கிறார். "ரெண்டு தரப்பு, ரெண்டு நிலைப்பாடு. இந்த மாதிரி நேரத்துல கூட்டத் தலைவர் என்ன செய்வார்? எல்லாரையும் டீ குடிக்க அனுப்புவார்." வகுப்பு பெருமூச்சு விட்டதுபோல் சிரிக்கிறது, நாற்காலிகள் நகர்கின்றன. முகில்வண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் அவர் இவரைப் பார்க்கிற பார்வை மாறியிருக்கிறது.

வராந்தாவின் கோடிக்கு நடத்திக்கொண்டு போனேன். காகிதக் கப்பில் டீ, வெங்காயச் சமோசா. தூரத்தில் ரயில் போகிற சத்தம். இவர் சமோசாவை இரண்டாகப் பிட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"எத்தன தடவ சொன்னேன்?"

"ரெண்டு."

"அப்படியேவா?"

"அப்படியே."

"கையக்கூடவா?"

"கையக்கூட."

டீயை ஊதிக் குடித்தார். "நான் டாக்டருக்குப் படிச்சவன்னு உனக்கு ஞாபகம் இருக்கா, ஹெப்சி? எனக்கு இருக்கு."

ரத்த ஓட்டத்துக்கு என்று கொடுத்த மாத்திரை. தினமும் காலையில் அந்தப் பார்வை. அது நன்றிப் பார்வை என்று நினைத்தேனே. "எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றேன், என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கே. நீ காரை எடுக்கப் போனியே, அப்ப உறையிலேர்ந்து படத்த உருவி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன்."

"ஏங்க சொல்லல?"

"நீ சொல்வேன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, அந்தத் தரப்பு இன்னும் தயாரா இல்ல போலன்னு விட்டுட்டேன்."

நான் அழவில்லை. சமோசாவை மென்றேன். இத்தனை மாதம் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இவரைக் காப்பாற்றுகிறேன் என்று நான், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று இவர். இவர் என் தோளில் கை வைத்தார், கால் வலித்தால் வைப்பதுபோல.

"அந்தத் தம்பி என்ன கேட்டாரு?" என்றார். கேள்வியே நினைவில்லை. சொன்னேன். முகம் மலர்ந்தது, அதே பழைய மலர்ச்சி. "எவ்வளவு நல்ல கேள்வி. மழுப்பறேன்னு நினைச்சிருப்பாரே."

"நான் போய்ச் சொல்றேன், உங்களுக்கு உடம்பு..."

"உடம்பச் சொல்லாத. பதிலச் சொல்லு."

"நான் எப்படிங்க? நான் உள்ள இல்லையே."

"வெளிய இருந்தியே. நான்தான் வெளிய இல்ல."

இப்போது நான் முன்னால் நிற்கிறேன். ஓய்வுக்குப் பிறகு வகுப்பெடுத்ததில்லை, மைக் வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் வரிசை ஓரத்தில் இவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகில்வண்ணன் பேனாவைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "உங்க கேள்விக்குப் பதில், பெரும்பாலும் உதவல" என்கிறேன். "ஊசி தேவைப்பட்டப்ப வரல. அது உங்களுக்குத் தெரியும், வெயில்ல நின்னவர் நீங்க. அந்தச் சொல் அந்த ரெண்டு பேரைக் காப்பாத்திச்சுன்னு நான் சொன்னா அது பொய்." மேலே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. காரிடார்தான் வருகிறது. அந்தச் சாம்பல் கம்பளம், நகல் எடுக்கிற அறையிலிருந்து வருகிற சூடான காகித வாசனை, மூடிய கதவின் பித்தளைப் பிடி. அந்தக் கம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த லெயோனி. எத்தனை வருஷமாயிற்று அவளை நினைத்து. நம் தாலுகா ஒன்றின் அளவுகூட இல்லாத தீவு அவளுடையது. மற்ற நாடுகள் பத்துப் பேரை அனுப்பியிருந்தன, அந்தத் தீவு அவள் ஒருத்தியை அனுப்பியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு அறையில் கூட்டம் நடக்கும், கனத்த உடம்புக்காரி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடுவாள். ஓடும்போது எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள், திரும்பி வரும்போது இன்னொன்று. இதைச் சொல்கிறேன். வகுப்பில் சிரிப்பு. "கடைசி நாள் சில பேர் மட்டும்தான் உள்ள, மத்தவங்க எல்லாம் வெளிய காத்திருந்தோம். 'கொடுக்க வேண்டும்'ங்கிற வார்த்தை நிக்கும்னு உள்ளேருந்து சேதி வந்துச்சு. எல்லாரும் போன் பண்ண ஓடினாங்க. லெயோனி மட்டும் செவுத்துல சாஞ்சு அப்படியே கம்பளத்துல உக்காந்துட்டா. நான் பக்கத்துல போய் உக்காந்தேன், அழறாளோன்னு. அவ சொன்னா: இதனால அவங்க கொடுத்துடுவாங்கன்னு நான் நம்பல. ஆனா இதுவரைக்கும் நான் கெஞ்சிக்கிட்டிருந்தேன். இனிமே கேக்கலாம்."

"கேட்டா யாரு மேடம் பதில் சொல்றாங்க?" என்கிறார் முகில்வண்ணன். "இப்ப வரைக்கும் சரியாச் சொல்லல. அதுக்குத்தான் இந்த வகுப்பு" என்கிறேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதுகிறார். அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா தெரியாது. ஆனால் முகம் மூடிக்கொள்ளவில்லை.

இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார், செருப்பைக் கையில் பிடித்து ஓடினதற்கு. முப்பது வருஷத்தில் லெயோனியைப் பற்றி இவரிடம் சொல்லியிருக்கிறேனா? சொல்லியிருப்பேன், சொல்லாமல் எப்படி இருந்திருப்பேன். எங்கே வைத்துச் சொன்னேன், டில்லி வீட்டிலா, ரயிலிலா. தேடிப் பார்க்கிறேன், எனக்கே அகப்படவில்லை. இவர் முதல் தடவை கேட்கிறாரா, பத்தாவது தடவை கேட்டு முதல் தடவைபோலச் சிரிக்கிறாரா, சொல்ல வழியே இல்லை. காலையிலிருந்து நெஞ்சைப் பிடித்திருந்த பயம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது, அதில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். இனி வரப்போகிற நாள்களில் இவருக்கு எதையும் புதிதாகவே சொல்லலாம் என்று ஓர் எண்ணம் வருகிறது, அது ஆறுதலா பயங்கரமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்கிறது. கைப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை மாணவர் மாதிரி உயர்த்தியிருக்கிறார்.

"மேடம், அப்புறம் என்ன ஆச்சு?"

வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. இர்ஃபானா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"அப்புறம் கதவு திறந்துச்சு" என்கிறேன். "நீங்க வெளிய வந்தீங்க."